கயிறு சொன்ன கணக்கு

நீரையும் மின்சாரத்தையும் மற்ற வளங்களையும் வீட்டில் அளவோடு பயன்படுத்தும் எளிய பழக்கங்களைப் பற்றி மாணவர்களுக்குப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது சற்றுத் தயங்கினேன். இப்பொருள் பற்றி அறிவுரை கூறுதல் மிக எளிது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காலை வணக்கக் கூட்டத்தில் நின்று நானே கூறியிருக்கிறேன். குழாயை மூடுங்கள் என்றேன். விளக்கை அணையுங்கள் என்றேன். காகிதத்தை வீணாக்காதீர்கள் என்றேன். மாணவர்கள் அமைதியாகக் கேட்டனர். கூட்டம் கலைந்தது. அன்று மாலையே குழாய் திறந்து கிடந்தது. அதைவிட வெட்கத்துக்குரிய செய்தி ஒன்றும் உண்டு. ஒரு நாள் நான் அவ்வாறு பேசிக்கொண்டிருந்த நேரத்திலேயே, பள்ளியின் மாடித் தொட்டி நிரம்பி, என் முதுகுக்குப் பின்னால் சுவரை நனைத்துக்கொண்டு வழிந்தது. மாணவர் அனைவரும் அதனைப் பார்த்தனர். பார்க்காதவன் நான் ஒருவன்தான்.

ஆதலின் இன்று அறிவுரையைக் குறைத்துக்கொண்டு, என் வீட்டில் நடந்ததைச் சொல்ல எண்ணுகிறேன்.

என் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள ஒரு சிற்றூர். 2018 நவம்பர் 16 அன்று விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையைக் கடந்து, எங்கள் மாவட்டத்தின் வழியாகவும் சென்றது. தென்னந்தோப்புகள் சாய்ந்த காட்சியை நீங்கள் படங்களில் பார்த்திருப்பீர்கள். மின்கம்பங்களும் அவ்வாறே வரிசை வரிசையாகச் சாய்ந்தன. எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்பி வரப் பதினாறு நாள் ஆயிற்று. எங்களைவிட நெடுநாள் இருளில் இருந்த ஊர்கள் பல.

எங்கள் தெருவில் ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் ஆழ்துளைக் கிணறு உண்டு. மின்சாரம் இன்றேல் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஒரு சொட்டு நீரும் எடுக்க இயலாது. என் வீட்டுக் கொல்லையில் மட்டும் என் தந்தையார் காலத்துத் திறந்த கிணறு ஒன்று எஞ்சியிருந்தது. அதிலும் மோட்டார் வைத்துத்தான் இறைத்துவந்தோம். ராட்டினம் துருப்பிடித்துக் கிடந்தது. அதற்கு எண்ணெயிட்டு, புதுக் கயிறு கட்டி, என் மகனும் நானும் வாளியை இறக்கினோம். அன்று தொடங்கி எங்கள் வீட்டுக்கும் அண்டை வீடுகள் ஆறுக்கும் அக்கிணறே நீர் தந்தது.

அப்பொழுது ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் பேத்திக்குப் பள்ளி விடுமுறை. வேறு வேலையில்லாமையால், எங்கள் வீட்டுக்கு இறைக்கும் ஒவ்வொரு குடத்துக்கும் கிணற்றுச் சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்தாள். ஒரு நாளைக்கு 26 கோடுகள் விழுந்தன. எங்கள் குடம் 15 லிட்டர் கொள்வது. 26 குடம் என்றால் 390 லிட்டர். வீட்டில் நாங்கள் ஐவர். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 78 லிட்டர். குளித்தோம், சமைத்தோம், துவைத்தோம், வீட்டைக் கழுவினோம். எவரும் அழுக்காக இருந்ததாக எனக்கு நினைவில்லை.

"புயலுக்கு முன்பு எவ்வளவு செலவழித்தோம், தாத்தா?" என்று அவள் கேட்டாள். மாடித் தொட்டி ஆயிரம் லிட்டர். அதனை நாள்தோறும் நிரப்பினோம். ஆளுக்கு 200 லிட்டர்! நம் நாட்டில் நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களுக்கு ஆள் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 135 லிட்டர் என்று அளவு வகுத்துள்ளனர். ஊர்ப்புறங்களுக்கான ஜல் ஜீவன் திட்டம் 55 லிட்டரைக் குறிக்கோளாகக் கொண்டது. நாங்களோ சிற்றூரில் இருந்துகொண்டு நகரத்தாரைவிடக் கூடுதலாகச் செலவிட்டு வந்தோம். அதனை எங்களுள் ஒருவரும் அறியவில்லை. எவ்வாறு அறிதல் கூடும்? பொத்தானை அழுத்தும் விரலுக்கு ஒரு வாளி நீரும் அறுபது வாளி நீரும் ஒரே கனம்தான். கயிற்றை இழுக்கும் தோளுக்கோ ஒவ்வொரு வாளியும் தனித்தனியே தெரியும்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு நல்ல பாடமாக அமைந்தது. பதினேழாம் நாள் மோட்டார் ஓடிற்று. நாங்கள் இவ்வளவும் அறிந்தவர்கள். சுவரில் கோடுகள் இன்னும் அழியவில்லை. இருந்தும் ஒரு வாரத்திற்குள் தொட்டி மீண்டும் நாள்தோறும் ஆயிரம் லிட்டர் குடிக்கத் தொடங்கிவிட்டது. அறிவு மட்டும் போதாது என்பது அப்பொழுது எனக்கு விளங்கிற்று.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் உளநூல் பயின்றபோது, அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் ஆசிரியர்களுக்கு ஆற்றிய சொற்பொழிவுகளைப் படித்திருக்கிறேன். அந்நூல் 1899இல் வெளிவந்தது. பழக்கத்தின் விதிகளைப் பற்றி அதில் ஒரு பகுதி உண்டு. செய்ய எண்ணியதைக் கிடைத்த முதல் வாய்ப்பிலேயே செய்துவிட வேண்டும், பழக்கம் வேரூன்றும்வரை ஒரு முறைகூட விதிவிலக்குக் கூடாது என்பன அவர் கருத்துகள். தேர்வுக்காக மனப்பாடம் செய்த அக்கருத்துகள், நாற்பது ஆண்டுகள் கழித்து என் வீட்டுக் கிணற்றங்கரையில்தான் எனக்குப் பொருள்பட்டன. நல்ல பழக்கத்தை மனவுறுதியின் தலையில் மட்டும் சுமத்தினால் அது சில நாளில் இறக்கி வைத்துவிடும். கைக்கு எட்டும் இடத்தில் பொருள் இருக்க வேண்டும். தவறினால் சிறு தொல்லையாவது வர வேண்டும். இவ்விரண்டும் அமைந்தால் மனம் மறந்தாலும் கை மறவாது.

எங்கள் வீட்டில் செய்த ஏற்பாடு இதுதான். காலையில் ஒரு முறை மட்டுமே மோட்டார் ஓடும்; அரைத்தொட்டி, அதாவது 500 லிட்டர், நிரம்பியதும் நிறுத்தப்படும். இரவுக்குள் தொட்டி வறண்டால், வறளச் செய்தவர் எவராயினும் கயிற்றைப் பிடித்து இறைத்துக்கொள்ள வேண்டும். ராட்டினத்தை நாங்கள் கழற்றவே இல்லை. முதல் வாரத்தில் மும்முறை தொட்டி வறண்டது. மார்கழிக் குளிரில் இரவு ஒன்பது மணிக்குக் கொல்லையில் நின்று நீர் இறைத்த என் மகன், மறுநாள் முதல் குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்குவதை விட்டான். நான் சொல்லியும் இருபது ஆண்டுகளாக விடாத வழக்கம் அது!

500 லிட்டர் என்றால் ஆளுக்கு 100 லிட்டர். புயல் நாட்களின் 78 லிட்டருக்கு நாங்கள் திரும்பவில்லை. துணி துவைக்கும் எந்திரத்தைக் கைவிட வீட்டில் எவருக்கும் மனமில்லை. கைவிடச் சொல்லும் துணிவு எனக்கும் இல்லை. துணி சேர்ந்து எந்திரம் நிறைந்த பிறகே ஓட்டுவது என்று மட்டும் முடிவாயிற்று.

அளக்கத் தொடங்கியபின் வேறு சிலவும் கண்ணிற் பட்டன. குளியலறைக் குழாய் ஒன்று வினாடிக்கு ஒரு துளியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. துளிதானே என்று விட்டிருந்தோம். ஓர் இரவு அதன்கீழ்ப் பாத்திரம் வைத்தோம். ஒன்பது மணி நேரத்தில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் சேர்ந்திருந்தது. அப்படியானால் நாளுக்கு நான்கு லிட்டர். ஆண்டுக்கு 1,460 லிட்டர். இத்தனைக்கும் காரணம் சில ரூபாய் விலையுள்ள ஒரு வாசர். கழிப்பறையின் நீர்ப்பெட்டி பழைய மாதிரி. ஒவ்வொரு முறையும் பத்து லிட்டர் கொட்டுவது. ஒரு லிட்டர் புட்டியில் நீர் நிரப்பி, மூடி, அப்பெட்டிக்குள் நிறுத்தி வைத்தோம். ஒவ்வொரு முறைக்கும் ஒரு லிட்டர் மிச்சம். அரிசி களைந்த நீர் கறிவேப்பிலைக்குப் போகிறது. குளியலறை நீரை ஒரு சிறு வாய்க்கால் வழியே வாழைக்குத் திருப்பியிருக்கிறோம். இவை புதியன அல்ல. உங்கள் பாட்டியாரைக் கேட்டால் இன்னும் நான்கு சொல்வார்.

நீரைச் செலவிடுவதைப் பற்றிச் சொன்னேன். சேர்ப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதில் என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 2003ஆம் ஆண்டில் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நானும் குழி தோண்டினேன். கூரைநீரைக் குழாய் வழியே அதில் விட்டேன். கல்லும் மணலும் இட்டேன். அத்தோடு கடமை முடிந்தது என்று மறந்துவிட்டேன். 2016இன் வடகிழக்குப் பருவமழை வழக்கமான அளவைவிட 62 விழுக்காடு குறைந்து பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. அந்தக் கோடையில் எங்கள் கிணறு வற்றிற்று. லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கினோம். கிணற்றைத் தூர்த்துவிட்டு அவ்விடத்தில் வண்டி நிறுத்தக் கூரை போடலாம் என்று மகன் சொன்னான். நானும் ஏறக்குறைய இசைந்துவிட்டேன்.

தூர்க்குமுன், அந்த மழைநீர்க் குழியைத் திறந்து பார்ப்போம் என்று தோன்றிற்று. பார்த்தேன். பதினான்கு ஆண்டுச் சருகும் சேறும் கல்லைப் போல இறுகிக் கிடந்தன. மாடியில் குழாயின் வாயை ஒரு பறவைக்கூடு அடைத்திருந்தது. சட்டத்துக்குக் கணக்குக் காட்டிய குழியில் ஒரு சொட்டு நீரும் இறங்கவில்லை. மழைநீர்ச் சேகரிப்பின் பயன் பற்றி அதே ஆண்டுகளில் மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடத்திப் பரிசு வழங்கியவன் நான்.

குழியைத் துப்புரவு செய்தோம். ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசி பிறந்ததும் மாடியைப் பெருக்குவதும், குழியின் மேல்மணலை அள்ளிக் கழுவி இடுவதும் வழக்கமாயின. கணக்கு எளியது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். எங்கள் மாடி 800 சதுர அடி. ஏறக்குறைய 74 சதுர மீட்டர். ஐம்பது மில்லிமீட்டர் மழை ஒன்று பெய்தால் 3,700 லிட்டர். ஆவியாவதும் சிதறுவதும் போக மூவாயிரம் லிட்டராவது மண்ணுள் இறங்கும். அஃது எங்கள் வீட்டுக்கு ஆறு நாள் நீர். மறு ஆண்டு புயலின்போது அக்கிணற்றில் நீர் நின்றது. குழியினால்தான் நின்றது என்று சொல்லமாட்டேன். இடையில் மழையும் பெய்தது. ஆனால் கிணற்றைத் தூர்த்திருந்தால் ஏழு குடும்பங்கள் அந்தப் பதினாறு நாள் என்ன செய்திருக்கும் என்று இன்றும் சில வேளைகளில் எண்ணிப் பார்ப்பதுண்டு.

நகரத்தில் வாழும் மாணவர்கள், எங்களுக்குக் கிணறு ஏது என்று கேட்கக்கூடும். 2019 ஜூலையில் சென்னைக்கு ஜோலார்ப்பேட்டையிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் இரயிலில் தண்ணீர் வந்ததை நீங்கள் அறிவீர்கள். ஐம்பது பெட்டிகள்; ஒரு வண்டிக்கு 25 லட்சம் லிட்டர். என் வீட்டுக் கூரையின்மீது ஓர் ஆண்டில் 900 மில்லிமீட்டர் மழை பெய்வதாகக் கொண்டால், விழும் நீர் 66,600 லிட்டர். அத்தகைய கூரைகள் நாற்பது இருந்தால் அந்த இரயில் வண்டி நிறைந்துவிடும். ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் எத்தனை கூரைப்பரப்பு இருக்கிறது என்று நீங்களே அளந்து பாருங்கள்.

குப்பையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் தமிழகத்தில் தடை செய்யப்பட்டன. எங்கள் வீட்டில் அதற்கு முன்பே துணிப்பைகள் ஏழு இருந்தன; ஏழும் அலமாரியில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. கடைத்தெருவை அடைந்த பிறகுதான் அவற்றின் நினைவு வரும். செருப்பு விடும் இடத்துக்கு மேலே ஓர் ஆணி அடித்து, மஞ்சள் பையை அதில் மாட்டினேன். அன்று முதல் மறதி இல்லை. பல ஆண்டுக் கண்டிப்பு செய்யாததை ஓர் ஆணி செய்தது. காய்கறித் தோலும் சோற்று மிச்சமும், துளையிட்ட பழைய மண்பானையில் சருகோடு சேர்ந்து இரண்டு மூன்று மாதத்தில் எருவாகின்றன. நாற்றம் அடித்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். ஒரு கை சருகு கூடுதலாக இட்டால் சரியாகிவிடும்.

மின்சாரத்தில் நாம் பெரும்பாலும் தவறான இடத்தில் சிக்கனம் பிடிக்கிறோம். ஆயிரம் வாட் ஆற்றலை ஒரு மணி நேரம் பயன்படுத்தினால் ஒரு யூனிட். ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கு 111 மணி நேரம் எரிந்தால்தான் ஒரு யூனிட் ஆகும். 75 வாட் மின்விசிறி 13 மணி நேரத்தில் ஒரு யூனிட் உண்ணும். இக்காலத்தில் வரும் முப்பது வாட் விசிறிக்கு 33 மணி நேரம் வேண்டும். இரண்டாயிரம் வாட் வெந்நீர் எந்திரமோ அரை மணி நேரத்திலேயே ஒரு யூனிட்டை முடித்துவிடும். விளக்கை அணைக்காத பிள்ளையைக் கண்டித்துவிட்டு, வெந்நீர் எந்திரத்தை ஒரு மணி நேரம் ஓடவிடும் பெரியவர்களை நான் அறிவேன். விளக்கை அணைக்க வேண்டாம் என்று நான் சொல்வதாகக் கொள்ளாதீர்கள். எதன் எடை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு அணையுங்கள் என்கிறேன். வீட்டு மின்மானியைக் காலையில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் குறித்துவைத்தால், ஒரு வாரத்தில் உங்கள் வீட்டின் கதை உங்களுக்கே விளங்கிவிடும்.

இவற்றையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஒருநாள் பெருமிதத்தோடு என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "நீங்கள் பதினாறு நாள் கயிறு இழுத்ததும் கணக்குத் தெரிந்துவிட்டது. நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் எந்தப் பொருளையும் எண்ணாமல் செலவழித்ததில்லை. அப்போதெல்லாம் அதற்குப் பேர் கஞ்சத்தனம்" என்றார். நான் மறுமொழி கூறவில்லை. கூறுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. சிக்கனப் பழக்கங்கள் என்று நாம் மேடையில் பேசுபவற்றுள் பெரும்பகுதி, வீட்டில் யாரோ ஒரு பெண்ணின் கைவேலையாக முடிகிறது. குப்பையைப் பிரிப்பவர் யார்? துணிப்பையைத் துவைப்பவர் யார்? இப்பொழுது எங்கள் வீட்டில் எருப்பானை என் பொறுப்பு. மாடியைப் பெருக்குவது என் மகன் பொறுப்பு. இதனை முன்னரே செய்திருக்க வேண்டும்.

அன்று சுவரில் கோடு இழுத்த பேத்தி இன்று கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தாள். விடுதித் தொட்டி நாள்தோறும் காலையில் நிரம்பி வழிகிறதாம். எவரிடம் சொன்னாலும், "பார்ப்போம்" என்கிறார்களாம். அவள் வழியும் குழாயின்கீழ் வாளியை வைத்து, கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாள். 15 லிட்டர் வாளி அரை நிமிடத்தில் நிறைந்தது. வழிவது நாற்பது நிமிடம். ஒவ்வொரு காலையும் 1,200 லிட்டர்.

"விடுதிக் காப்பாளரிடம் எழுதிக் கொடுக்கட்டுமா, தாத்தா?" என்று கேட்டாள்.

"மோட்டார் போடுபவர் யார்?" என்றேன்.

பெரியவர் ஒருவர் இருக்கிறாராம். மூன்று கட்டடங்களுக்கும் அவர் ஒருவரே. ஒன்றைப் போட்டுவிட்டு மற்றொன்றுக்கு நடந்து போய்த் திரும்புவதற்குள் தொட்டி நிறைந்துவிடுகிறது.

"முதலில் அவரிடம் போய்ப் பேசு, அம்மா. எவ்வளவு நேரத்தில் தொட்டி நிறைகிறது என்று அவரோடு நின்று பார். அதன்பிறகு எழுது" என்றேன்.

நாளைக் காலை ஐந்தரை மணிக்கு அவரைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாள்.